முறையீட்டிலிருந்து ஆற்றுப்படுத்தலுக்கு: மலைத்தோட்டத் தமிழ்ப் பெண்களும் உளச்சிகிச்சையின் வரலாறும்

1.0 முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் குடியேற்றம், கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. லயத்து வீட்டின் கதவுக்கு உள்ளே நிகழ்ந்தவை அதில் அரிதாகவே இடம்பெறுகின்றன. அடிபட்ட பெண் யாரிடம் சென்று சொன்னாள், சொன்னபின் என்ன நிகழ்ந்தது, உடற்காயத்திற்கு மருந்திட்டவர்கள் உள்ளக் காயத்தை எப்பொழுது கருதத் தொடங்கினர் என்பனவும் வரலாற்று வினாக்களே ஆகும்.

குடும்பத்திற்குள் கொடுமைக்கு உள்ளான ஒருவர் உளச்சிகிச்சையைத் தொடங்குவது இன்று தனிமனித முடிவாகக் கருதப்படுகிறது. ஆயினும் அத்தகைய முடிவை எடுப்பதற்கு வேண்டிய சட்டம், நிறுவனம், சொல் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் உருவானவை. அவை உருவான வரிசையைப் பகாங் மாநிலம், கேமரன் மலையிலுள்ள திரிங்காப் வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் நிறுவ முற்படும் கருத்து இதுவாகும். தோட்டத்துப் பெண்ணின் சொல்லைக் கேட்க அமைந்த ஏற்பாடுகள் முதலில் உழைப்பையும், அடுத்துத் திருமணத்தையும், அதன்பின் உடலையும் காக்கும் நோக்கில் அமைந்தன. அவளை அவள் பொருட்டே கேட்கும் ஏற்பாடு இறுதியில்தான் வந்தது. அது இன்னும் அவளது மொழியில் முழுமையாக வந்து சேரவில்லை.

2.0 திரிங்காப் வட்டாரத்தின் அமைப்பு

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் குறித்துரைத்தார். எனினும், தாப்பாவிலிருந்து மலைச்சாலை அமைக்கப்பட்ட பின்னரே இங்குத் தோட்டத் தொழில் வளர்ந்தது. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் இம்மலையில் காடு வெட்டிக் கன்று நட்டுக் கொழுந்து பறித்தன. திரிங்காப், பிரிஞ்சாங்கிற்கும் கம்போங் ராஜாவிற்கும் இடையிலுள்ள சிற்றூர். சுங்கை பாலாஸ், புளூவேலி ஆகிய தேயிலைத் தோட்டங்களுக்கு இடைப்பட்ட இவ்வட்டாரம் பின்னாளில் காய்கறி விளைச்சலுக்குப் பெயர் பெற்றது. தேயிலையை விட்டு வெளியேறிய தமிழர் சிலர் காய்கறித் தோட்டங்களிலும் பூந்தோட்டங்களிலும் வேலைக்கு அமர்ந்தனர். இன்று தோட்ட வேலையில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுந்துள்ளனர்.

உதவி தேடும் பெண்ணின் நோக்கில் இவ்வமைப்பில் இரண்டு கூறுகள் இன்றியமையாதவை. முதலாவது, தொலைவு. மலை பகாங்கிற்கு உரியதாயினும், பல்லாண்டுகள் வெளியுலகிற்கான முதன்மை வழி பேராக் மாநிலத்துத் தாப்பாவுக்கு இறங்கும் வளைவுச் சாலையே. ஈப்போவுக்கு அருகிலுள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு வரும் சாலை மிகவும் பிற்காலத்தது. இரண்டாவது, லயம். ஒரே கூரையின்கீழ் வரிசையாய் அமைந்த வீடுகளில் ஒரு வீட்டின் கூக்குரல் மறுவீட்டிற்கு எட்டும். ஆகவே கொடுமை மறைவாக நிகழ்ந்ததென்று கூற இயலாது. அறிந்தவர் பலர் இருந்தனர். அதைத் தம் பொறுப்பாகக் கொண்டவர் எவருமிலர். மேலும் அவ்வீடு வேலையோடு பிணைந்த வீடாகும். கணவனை விட்டுப் பிரியும் பெண் பல வேளைகளில் கூரையையும் வேலையையும் ஒருங்கே இழக்க நேர்ந்தது.

3.0 உழைப்பைக் காத்த சட்டங்கள்

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு தோட்ட வாழ்வின் பல கூறுகளை வரையறுத்தது. மகப்பேற்று உதவித்தொகை, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டப் பள்ளி என்பன அதில் அடங்கும். நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் தோற்றம் இச்சட்டத்தோடு தொடர்புடையது என்பதைத் தமிழாசிரியர் அறிவர். இச்சட்டம் பெண்ணைத் தாயாகவும் தொழிலாளியாகவும் கண்டது, அடிபட்டவளாகக் காணவில்லை.

அடிபட்டவள் யாரிடம் சென்றிருக்க இயலும்? கங்காணி, கிராணி, துரை என்னும் படிநிலையே அவள் முன் இருந்தது. காயத்திற்குக் கட்டுப் போடத் தோட்ட மருந்தகத்து டிரெஸ்ஸர் இருந்தார். மறுநாள் பெரட்டுக்கு ஆள் வருமா என்பதே நிருவாகத்தின் கவலை. கங்காணி பெரும்பாலும் அவ்வூர்க்காரராகவோ உறவினராகவோ இருந்தார். ஆகவே முறையீடு என்பது கணவனோடும் அவன் சுற்றத்தாரோடும் வேலையால் பிணைந்த ஒருவரிடம் சொல்வதாகவே அமைந்தது.

குற்றவியல் சட்டத்தின் நிலை இதனினும் தெளிவானது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி அமைந்த மலாயாத் தண்டனைச் சட்டத்தின் 498ஆம் பிரிவு, பிறன் மனைவியை ஆசைகாட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்கியது. இப்பிரிவின் பாதுகாப்பு கணவனுக்கே உரியது. மனைவிக்கு ஈடான உரிமை வழங்கப்படவில்லை. தோட்டங்களில் பெண்கள் எண்ணிக்கையில் குறைவாயிருந்த காலத்தில் இப்பிரிவு எவ்வாறு கையாளப்பட்டது என்பதை அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட மலாயாக் கூலிப் பெண்கள் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். வீட்டு வன்முறையைப் பெண்ணின் ஒழுக்கக் குறைவோடும் ஆணின் பொறாமையோடும் இணைத்தே காலனிய அதிகாரிகள் எழுதினர். கொடிய கணவனை விட்டு நீங்கிய பெண்ணின் செயலைத் தற்காப்பாகக் காணும் சொல் அவ்வாவணங்களில் இல்லை. அப்பெண்கள் வாயற்ற பலியாட்களாக மட்டும் இருந்துவிடவில்லை என்பதும், கிடைத்த சிறு வழிகளைப் பயன்படுத்தித் தம் வாழ்வை மாற்றிக்கொள்ள முயன்றனர் என்பதும் அந்நூல் தரும் முக்கிய முடிவாகும்.

மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் இந்த 498ஆம் பிரிவை 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்தான் அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கொண்ட கருத்து நம் சட்டநூலில் எத்துணைக் காலம் நிலைத்தது என்பதற்கு இது சான்றாகும்.

4.0 சமூகம் வழங்கிய சொல்வழிகள்

நிறுவனங்கள் கேளாத காலத்திலும் பெண்கள் சொல்லாமல் இருந்ததில்லை. ஒப்பாரி அத்தகைய ஒரு வழியாகும். இறந்தவரைப் பாடுவதாகத் தோன்றும் ஒப்பாரியில் பாடுபவள் தன் பிறந்தகத்தின் பராமுகத்தையும் புகுந்தகத்தின் கொடுமையையும் பாடுவதைத் தமிழ்நாட்டுக் கள ஆய்வின் அடிப்படையில் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் எடுத்துக்காட்டினார். இழவு வீட்டில் மட்டுமே சொல்ல இசைவு பெற்ற துயரம் அது. அங்கும் மறுமொழி கிடையாது.

பேயோட்டுதல் மற்றொரு வழியாகும். இதே ஆய்வாளர் 1997இல் எழுதிய கட்டுரையில், தென்னார்க்காட்டுப் பகுதியில் இளம் மனைவியரைப் பிடித்த பேயை ஓட்டும் சடங்கு, அப்பெண்ணை மீண்டும் கணவனிடம் சேர்ப்பதிலேயே முடிகிறது என்று விளக்கினார். சடங்கு பெண்ணின் துயரத்தை ஏற்கிறது. ஆயினும் அதற்குரிய காரணத்தை அவளுக்குள் புகுந்த ஒன்றாகக் காட்டுகிறது. மலேசியத் தோட்டக் கோயில்களுக்கு இம்முடிவை அவ்வாறே பொருத்த இயலாது. எனினும் பேய், செய்வினை, கிரகம் என்னும் விளக்கங்கள் நம்மிடையே வழக்கில் உள்ளமையால் இவ்வொப்புமை கருதத்தக்கது. இத்தகைய நம்பிக்கைகளை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. துயருற்றவரைச் சுற்றிப் பலர் கூடி நிற்பது சடங்கின் வலிமை. துயர் செய்தவனை எவரும் வினவாமை அதன் எல்லை.

சீர்திருத்த இயக்கங்களும் இப்பொருளை ஓரளவு தொட்டன. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயா வந்ததும், 1930களில் கோ. சாரங்கபாணியின் தமிழர் சீர்திருத்தப் பணியும், 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் திருமணச் சடங்கு, சாதி, பெண்கல்வி ஆகியவற்றைப் பொது விவாதமாக்கின. போருக்குப்பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்தது. கள் ஒழிந்தால் இல்லம் அமைதியுறும் என்னும் எதிர்பார்ப்பு இவ்வியக்கங்களில் வலுவாக இருந்தது. இதனால் வீட்டு வன்முறை கள்ளின் கொடுமையாகவே பெயர் பெற்றது. குடியாத கணவனின் வன்முறைக்கும், குடி நீங்கிய பின்னும் நீங்காத அச்சத்திற்கும் அச்சொல்லாட்சியில் இடமில்லாமற் போயிற்று.

5.0 திருமணத்தைக் காத்த சட்டம்

1976ஆம் ஆண்டுத் திருமணம், மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முசுலிம் அல்லாதாருக்கு ஒருதார மணமும் கட்டாயப் பதிவும் இதனால் உறுதியாயின. தமிழ்ப் பெண்களுக்கு இது பெருநன்மை பயத்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அச்சட்டத்தின் 106ஆம் பிரிவு, தனி வழக்காக மணவிலக்குக் கோருபவர் முதலில் இணக்க அமைப்பு ஒன்றிடம் செல்ல வேண்டும் என்று விதித்தது. விதிவிலக்குகள் உண்டு, ஆயினும் அவற்றை எடுத்துரைத்து நிறுவும் சுமை பெண்ணின் மேலேயே விழுந்தது.

மலேசியத் தமிழ்ப் பெண்கள் பலருக்கு 'ஆலோசனை' என்னும் சொல் இவ்வழியாகவே அறிமுகமாயிற்று என்பது நம் கருத்து. கணவனையும் மனைவியையும் ஒன்றாக அமர்த்தி, இருவர் குறையையும் கேட்டு, சேர்ந்து வாழச் சொல்வது ஆலோசனை என்றாயிற்று. கருத்து வேறுபாடுடைய இருவருக்கு இம்முறை உதவக்கூடும். ஒருவர் மற்றவருக்கு அஞ்சி வாழும் வீட்டில் இது பொருந்தாது. கணவன் அருகிருக்கும்போது சொன்ன சொல்லுக்கு வீடு திரும்பியபின் விலை கொடுக்க நேரிடும். இன்றும் சிகிச்சைக்குச் செல்லுமாறு கூறும்போது, "சேர்த்து வைக்கத்தானே கூப்பிடுகிறார்கள்" என்னும் ஐயம் எழுவதற்கு இவ்வரலாறு ஒரு காரணமெனலாம். உளச்சிகிச்சை சமரசப் பேச்சன்று என்பதை முதலில் விளக்க வேண்டியிருப்பதும் இதனாலேயே.

6.0 உடலைக் காத்த நிறுவனங்கள்

மேற்கண்ட சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 1982இல் பெண்கள் உதவி அமைப்பு தோன்றி, அடிபட்ட பெண்களுக்கான தங்குமிடத்தை நடத்தத் தொடங்கியது. இலண்டன் சிசிக்கில் 1971இல் இத்தகைய இல்லம் உருவாகி ஏறத்தாழப் பத்தாண்டுக்குப் பின்னர் நிகழ்ந்தது இது. 1985இல் பினாங்கிலும் ஒரு பெண்கள் நெருக்கடி மையம் உருவாயிற்று. அதே ஆண்டு பல அமைப்புகள் இணைந்து பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்து இயக்கம் நடத்தின. நெடிய முயற்சிக்குப் பின் குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவத் துறையிலும் மாற்றம் நிகழ்ந்தது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1990களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த நெருக்கடி மையம் உருவாயிற்று. அடிபட்டவர் அவசரப் பிரிவிலேயே தனியறையில் பரிசோதிக்கப்பட்டு, காவல்துறை, சமூகநலத்துறை, ஆலோசகர் ஆகியோரை அங்கேயே சந்திப்பது இதன் அமைப்பு. 1996இல் இம்முறையை அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் ஏற்படுத்தச் சுகாதார அமைச்சு பணித்தது. ஆகவே கொள்கையளவில் தானா ராத்தாவிலுள்ள மாவட்ட மருத்துவமனைக்கும் இது உரியது. எனினும் மனுவேலா கொலம்பினியும் அவர்தம் குழுவினரும் 2010களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள், பெரிய மருத்துவமனைக்கென வடிவமைத்த இம்முறை சிறிய மருத்துவமனைகளில் ஆள்வளமும் ஆலோசனை வசதியும் இன்றித் தளர்ந்ததைச் சுட்டின.

1994ஆம் ஆண்டுச் சட்டம் காயம், காயம் பற்றிய அச்சம், அடைத்து வைத்தல், கட்டாயப்படுத்தல், உடைமைச் சேதம் ஆகியவற்றையே வன்முறையென வரையறுத்தது. உள்ளத்திற்கு இழைக்கப்படும் கொடுமை 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகவே வரையறையில் இடம்பெற்றது. தீயால் சுட்ட புண் ஆறும், நாவால் சுட்ட வடு ஆறாது என்னும் வேறுபாட்டை வள்ளுவத்தில் கற்பிக்கும் நமக்கு இவ்வளவு தாமதம் வியப்பளிக்கக்கூடும். 2017இல் நிறைவேறி 2018ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம், சமூகநல அதிகாரியே ஏழு நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை பிறப்பிக்க வழிவகுத்தது. சிகிச்சையின் முதற்படி பாதுகாப்பே என்பதால், சட்டத்தின் இப்படிகள் உளச்சிகிச்சை வரலாற்றின் படிகளுமாகும்.

7.0 உளச்சிகிச்சை: தோற்றமும் தொடக்கமும்

கொடுமைக்கு உள்ளானோரின் உள்ளநிலை தனித்துறையாக வளர்ந்தது 1970களிலாகும். 1974இல் ஆன் பர்ஜெசும் லிண்டா ஹோம்சுட்ரமும் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளான பெண்களை ஓர் அமெரிக்க மருத்துவமனையில் நேர்கண்டு, அச்சம், உறக்கமின்மை, அந்நிகழ்வின் நினைவு திரும்பத் திரும்ப வருதல் ஆகியவற்றை ஒரே தொகுதியாக விவரித்தனர். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மன உளைச்சல் நோயைத் தன் வகைப்பாட்டில் சேர்த்தது. போர்வீரரை முன்னிட்டு எழுந்த அக்கோரிக்கை, இல்லத்தில் போரைக் கண்ட பெண்களுக்கும் பொருந்துவதாயிற்று. 1992இல் ஜூடித் ஹெர்மன் வெளியிட்ட நூல், இவ்விரு அனுபவங்களையும் ஒருங்கு வைத்து, மீட்சியை மூன்று கட்டங்களாக விளக்கியது: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துயர்கொள்ளல், மீண்டும் பிறரோடு இணைதல்.

இவ்வரிசை நம் வாசகருக்கு மிகவும் பயன்படும். சிகிச்சைக்குச் சென்ற முதல் நாளே நடந்ததனைத்தையும் சொல்ல வேண்டும் என்னும் அச்சம் பலரைத் தடுக்கிறது. உண்மையில் முதல் அமர்வு அவ்வாறு அமைவதில்லை. சொன்னவை எவ்வளவு தூரம் மறைவாகக் காக்கப்படும், உயிருக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் நிலையில் எதை வெளியிட நேரும் என்பன முதலில் விளக்கப்படும். இப்பொழுது வாழும் வீடு பாதுகாப்பானதா, உறக்கமும் உணவும் எவ்வாறுள்ளன, துணைக்கு யார் உள்ளனர் என்று வினவப்படும். நினைவு பெருகி உடல் நடுங்கும்போது மூச்சைச் சீராக்கவும், கால் தரையில் ஊன்றியிருப்பதை உணரவும் எளிய பயிற்சிகள் கற்பிக்கப்படும். எதை, எப்பொழுது, எவ்வளவு சொல்வது என்னும் முடிவு வந்தவருடையதே. கொடுமை அவரிடமிருந்து பறித்தது இந்த உரிமையையே என்பதால், அதைத் திருப்பித் தருவதே சிகிச்சையின் தொடக்கமாகிறது.

2013இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இதனை உறுதி செய்கின்றன. பரிவோடு கேட்டல், தேவையை வினவல், நம்புவதாக உணர்த்தல், பாதுகாப்பைப் பெருக்கல், ஆதரவோடு இணைத்தல் ஆகியவை முதனிலை உதவியாகக் கூறப்பட்டன. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட நோய்நிலை நீடிப்பின், அதற்கென வகுத்த அறிதிறன் நடத்தைச் சிகிச்சை முதலியன பரிந்துரைக்கப்பட்டன. விரும்பாதவரை வற்புறுத்திப் பேசவைத்தல் பயன்தராது என்பதும் ஆய்வுகளின் முடிவு. முறையீட்டிற்கும் சிகிச்சைக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. முறையிடுபவர் நடந்ததை மெய்ப்பிக்க வேண்டும். சிகிச்சைக்கு வருபவரிடம் சான்று கேட்கப்படுவதில்லை.

8.0 'தஞ்சோங் ரம்புத்தான்' என்னும் தடை

பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் கூட்டு மாநிலங்களின் மனநோய் விடுதி திறக்கப்பட்டது. இன்று அது உலு கிந்தா பகாகியா மருத்துவமனையாகும். மலேசியத் தமிழரின் பேச்சு வழக்கில் அவ்வூரின் பெயரே ஏளனச் சொல்லாயிற்று. ஒருவரை அங்கே அனுப்ப வேண்டும் என்றால் அவர் பேச்சு செல்லாது என்பதே பொருள். கொடுமைக்கு உள்ளான பெண் உளமருத்துவரை நாடினால், அதையே காட்டி அவளது சொல்லை மறுக்க இயலும் என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று. பைத்தியம் என்று பெயர் சூட்டுவது கொடுமை செய்வோர் கையாளும் பழைய கருவிகளுள் ஒன்றாகும்.

கேமரன் மலையின் உள்ளத்துயர் ஆய்வுலகின் பார்வைக்கு வந்தது மற்றொரு வழியில். உளமருத்துவர் டி. மணியம் 1988இல் பிரித்தானிய உளமருத்துவ ஆய்விதழில் இம்மலைப்பகுதியில் நிகழ்ந்த தற்கொலைகளையும் தற்கொலை முயற்சிகளையும் பற்றி எழுதினார். அவற்றின் அளவு இங்கு மிகுந்திருந்ததையும், இந்தியர் தம் மக்கள்தொகை விகிதத்தை மீறி இடம்பெற்றதையும், விவசாய நஞ்சுகள் எளிதில் கைக்கு எட்டியதையும் அவ்வாய்வு காட்டியது. அவை அனைத்திற்கும் குடும்பக் கொடுமையே காரணமென்று கொள்ள நமக்குச் சான்றில்லை. எனினும் துயருற்றவர் நாடிச் செல்லத்தக்க இடம் மலைமேல் இல்லாமையை அது உணர்த்துகிறது. உயிர் பிழைத்தவருக்குச் சிகிச்சையோடு வழக்கும் காத்திருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 2023இல்தான் நீக்கப்பட்டது. பாராகுவாட் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. இவ்விரு மாற்றங்களும் உயிர்காக்கும் மாற்றங்களே.

9.0 மொழியும் சொல்லும்

1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம், பதிவு பெற்ற ஆலோசகர் என்னும் தொழில்நிலையை உருவாக்கியது. மருத்துவ உளவியலாளரை ஒழுங்குபடுத்த 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் வந்தது. இவர்தம் பயிற்சி மலாயிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. தமிழில் மட்டுமே தன் வாழ்வை நினைத்துப் பழகிய ஒரு பெண் இவர்முன் அமரும்போது மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். திரிங்காப் போன்ற சிற்றூரில் கிடைக்கும் மொழிபெயர்ப்பாளர் அண்டை வீட்டாராகவோ, உறவினராகவோ, சில வேளை அவளது பிள்ளையாகவோ இருக்கக்கூடும். கங்காணியிடம் சொன்ன காலத்து இடர் வேறு உருவில் மீண்டும் தோன்றுகிறது. மறுபுறம், வசைச்சொற்களைத் தாய்மொழியில் கேட்டு வளர்ந்த சிலருக்கு மலாயோ ஆங்கிலமோ பேசுவது எளிதாகிறது. அம்மொழியில் சொற்கள் அவ்வளவு சுடுவதில்லை. ஆகவே எம்மொழி என்னும் தேர்வும் வந்தவருக்கே உரியது. தமிழைத் தேர்ந்தெடுக்க இயலும் நிலையை உருவாக்குவதே நம் கடமை.

சொல்லாட்சியும் எண்ணத்தக்கது. பாலியல் வன்கொடுமையைக் 'கற்பழிப்பு' என்னும் சொல், இழப்பைப் பாதிக்கப்பட்டவரின் கற்பில் வைக்கிறது. 'கெடுத்துவிட்டான்' என்னும் வழக்கும் அவளையே கெட்டவளாக்குகிறது. 'கைநீட்டினான்' என்பதோ அடியைச் சிறிதாக்கிக் காட்டுகிறது. இச்சொற்களால் மட்டுமே தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவர், சொல்லத் தொடங்கும்போதே தம்மைக் குற்றவாளியாக்கிக் கொள்கிறார். 'வன்புணர்ச்சி', 'குடும்ப வன்முறை', 'மீண்டவர்' ஆகிய சொற்கள் பரவியது இதனால் ஒரு மொழிச் சீர்திருத்தம் மட்டுமன்று, சிகிச்சைக்கான முன்தேவையுமாகும்.

இத்துறையில் இலங்கைத் தமிழர் நமக்கு முன்னோடிகள். நீண்ட போரின் ஊடே யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரமும் அவர்தம் துணைவரும் உளநலப் பணியைத் தமிழிலேயே வளர்த்தனர். 'மனவடு' என்னும் சொல்லை நிலைபெறச் செய்தனர். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து பெண்களிடையே பணியாற்றி வருகிறது. சென்னையில் 2004இல் தோன்றிய துளிர் அமைப்பு குழந்தைகள்மீதான பாலியல் கொடுமையைத் தடுத்தலையும் ஆற்றுதலையும் தன் பணியாகக் கொண்டது. இலங்கையில் வழங்கும் 'உளவளத்துணை', 'ஆற்றுப்படுத்தல்' ஆகிய சொற்களுள் பின்னது ஆழ்ந்த பொருளுடையது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் ஆற்றுப்படை மரபை அது நினைவூட்டுகிறது. புண்ணை ஆற்றுதல், வெம்மையை ஆற்றுதல் என்னும் பொருளும் அதில் ஒலிக்கிறது. வழிகாட்டுதலும் குணப்படுத்தலும் ஒரே சொல்லில் அமைவது தமிழுக்குக் கிடைத்த நற்பேறு எனலாம்.

10.0 தமிழாசிரியரின் இடம்

மலைத்தோட்டங்களில் பிள்ளையின் வீட்டைச் சாராதவரும், தமிழ் அறிந்தவரும், நாள்தோறும் சந்திக்கக் கூடியவருமான ஒருவர் உளரென்றால் அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியரே. கொடுமை பிள்ளைமேல் நிகழ்ந்தாலும் தாய்மேல் நிகழ்ந்தாலும் முதற்சொல் அவர் காதில் விழ வாய்ப்புண்டு. கட்டுரைப் பயிற்சியில் வந்த ஒரு வரியாகவோ, திடீரென வந்த மௌனமாகவோ அது இருக்கலாம்.

சட்டம் இங்கு ஒரு கடமையை விதிக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சிறார்மீதான பாலியல் குற்றங்கள் சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதவர் குற்றம் புரிந்தவராவார். ஆகவே "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்களித்தல் தகாது. "உனக்கு உதவக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்பதே உண்மையான வாக்கு. ஆசிரியர் துருவித் துருவி விசாரிக்க வேண்டுவதில்லை. பிள்ளையின் சொற்களை அவ்வாறே எழுதி வைத்தல் போதுமானது. பெற்றோரை அழைத்து நேருக்கு நேர் வினவுதல் பிள்ளைக்கு மேலும் தீங்கு விளைக்கலாம். நம்புதல், குற்றம் உன்னுடையதன்று என்று சொல்லுதல், உரியவரிடம் சேர்த்தல் ஆகிய மூன்றோடு ஆசிரியர் பணி நிறைவுறும். சிகிச்சை அளிப்பது அவர் பணியன்று; ஆற்றுப்படுத்தல் அவர் பணியே.

11.0 முடிவுரை

திரிங்காப்பிலிருந்து நோக்கும்போது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் உதவியின் வழி பல நிலைகளைக் கடந்துள்ளது. 1923இல் சட்டம் தொழிலாளியைக் கண்டது. 1982இல் மனைவியைக் கண்டது. 1996இல் அடிபட்டவரைக் கண்டது. 2012இல் உள்ளத்துப் புண்ணையும் கண்டது. இவ்வரிசையின் ஒவ்வொரு படியும் அதற்கு முன் பேசத் துணிந்த பெண்களால் பெறப்பட்டது என்பதை மறத்தலாகாது.

எஞ்சியுள்ள பணி பெரும்பாலும் நம் துறையைச் சார்ந்தது. உளச்சிகிச்சைக்குரிய தமிழ்ச் சொற்களைத் தொகுத்துத் தரப்படுத்துதல், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் உருவான நூல்களை நம் மாணவருக்கு அறிமுகப்படுத்துதல், இந்தியவியல் பயிலும் மாணவர் ஆலோசனைத் துறையிலும் பயிற்சி பெற வழிசெய்தல், ஆசிரியர் பயிற்சியில் இப்பொருளுக்கு இடமளித்தல் ஆகியவை உடனடியாகச் செய்யத்தக்கன. மலைமேல் வாழும் ஒரு பெண் முதன்முறையாகச் சொல்லத் துணியும் நாளில், அவளுக்குத் தேவைப்படுவது அவளது மொழியறிந்த, அவளது லயத்தைச் சாராத, அவளை நம்பும் ஒருவரே. அத்தகையோரை உருவாக்கும் வாய்ப்பு வகுப்பறையில் நிற்கும் நமக்கு உண்டு.